பின்னால் வருவது யார்?

ஆடி மாதம். உடுமலைப்பேட்டையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் ரோடு.

மேற்கிலிருந்து காற்று அடிக்கிறது. சாதாரணக் காற்று அல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று! "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்று பெரியவர்கள் சொன்னது இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தானோ என்று தோன்றும். சுற்று வட்டாரமெங்கும் காற்றாலைகள் ஓயாமல் சுற்றிக் கொண்டிருக்கின்றன.

ஒருவர் சைக்கிளில் போகிறார். காரியரில் ஒரு சாக்கு மூட்டை. தலையைக் குனிந்து கொண்டு, சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிக்கிறார். சைக்கிள் நகர மாட்டேன் என்கிறது.

கொஞ்ச நேரத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். எண்ணெய் காணாத செயின் "கிரீச் கிரீச்" என்கிறது. திரும்பிப் பார்க்கிறார்.

முன்பின் தெரியாத ஓர் ஆசாமி! இவருடைய பின் சக்கரத்தை ஒட்டினாற்போல் வந்து கொண்டிருக்கிறார். முந்திப் போகவும் இல்லை. பின்தங்கவும் இல்லை. வாயைத் திறக்கவும் இல்லை.

மூட்டைக்காரர் வேகமாக மிதித்தால் அவரும் வேகமாக வருகிறார். மெதுவாகப் போனால் அவரும் மெதுவாக வருகிறார்.

யார் இவர்? எதற்காக வருகிறார்? வழிப்பறியா? மூட்டையின் மேல் கண்ணா?

ஒன்றும் இல்லை! அந்த ஆசாமி காற்றுக்கு ஒதுங்கி வருகிறார். அவ்வளவுதான்.

ஆனால் அது முன்னால் போகிறவருக்கு எப்படித் தெரியும்?

திண்ணையில் ஒதுங்குவது போல

மழை வந்தால், வழியில் போகிறவர்கள் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறி நிற்பது உண்டு. அதை யாரும் தவறாக நினைப்பதில்லை. காற்று அடிக்கும்போது இன்னொரு சைக்கிள்காரரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குவதும் அப்படிப்பட்டதுதான்.

ஒரே ஒரு வித்தியாசம். திண்ணையில் ஏறுகிறவர் வீட்டுக்காரரைப் பார்த்து, "மழை விட்டதும் போய்விடுகிறேன், அம்மா" என்று ஒரு வார்த்தை சொல்கிறார். சைக்கிள்காரரோ ஊமையாகி விடுகிறார்!

இந்த ஊமைத்தனம்தான் தவறு. ஒதுங்குவது தவறு அல்ல.

காற்று என்ன செய்கிறது?

எதிர்க் காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக் கொள்ளலாம். சைக்கிள்காரர் 12 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். அப்போது அவர் மார்பில் மோதும் காற்றின் வேகம் 20 அல்ல, 32.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மோதும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளும் பலம் நான்கு மடங்காகி விடும். தை மாதத்தில் பாட்டுப் பாடிக் கொண்டு போகிறவர் ஆடி மாதத்தில் பல்லைக் கடித்துக் கொண்டு போவது இதனால்தான்.

முன்னால் ஒருவர் போனால், அவர் உடம்பு காற்றைக் கிழித்துக் கொண்டு போகிறது. அவருக்குப் பின்னால் காற்றின் வேகம் குறைந்த ஓர் இடம் உண்டாகிறது. அந்த இடத்துக்குள் ஒட்டிப் போகிறவருக்குக் காற்றின் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையக் கூடும்.

கூட்டமாகப் போனால் இந்த லாபம் மிகவும் பெரியது. பெர்ட் பிளாக்கன் என்ற விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும் இதை ஆராய்ந்து 2018-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். பந்தயத்தில் 121 சைக்கிள்காரர்கள் நெருக்கமாகப் போகும்போது, கூட்டத்தின் நடுவே பின்பக்கமாக இருப்பவர் மீது படும் காற்றின் எதிர்ப்பு, தனியாகப் போகிறவர் மீது படுவதில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்குதான்!

உழைப்பைத் திருடுகிறாரா?

"நான் மிதிக்கிறேன். அவன் சுகமாக வருகிறான்" என்று முன்னால் போகிறவர்கள் சிலர் கோபப்படுகிறார்கள். தங்கள் உழைப்பை யாரோ சுரண்டுவது போல அவர்களுக்குத் தோன்றுகிறது.

உண்மை அப்படி அல்ல. பின்னால் ஒருவர் வருவதால் முன்னவருக்கு ஒரு சொட்டு வியர்வை கூட அதிகம் ஆவதில்லை. அதுமட்டும் அல்ல. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் காற்று சுழித்து அவரைப் பின்னுக்கு இழுக்கிறது. நெருங்கி ஒருவர் பின்னால் வந்தால் அந்த இழுப்பு ஒரு துளி குறையும். ஆகவே முன்னவருக்கும் ஓர் அற்ப லாபம்தான்.

அப்படியானால் முன்னவருக்கு நஷ்டமே இல்லையா?

இருக்கிறது. அவருடைய நிம்மதி போய்விடுகிறது.

மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 5 மீட்டர். ஒரு நாய் குறுக்கே ஓடுகிறது. முன்னவர் பிரேக்கைப் பிடிக்கிறார். பின்னவர் அதைக் கண்டு தாமும் பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி ஆனால், அதற்குள் அவர் 5 மீட்டர் வந்து விடுவார். ஆனால் இருவருக்கும் நடுவே இருப்பது ஒரு முழம்!

முன் சைக்கிளின் பின் சக்கரத்தில், பின் சைக்கிளின் முன் சக்கரம் உரசினால் யார் விழுவார்? அநேகமாகப் பின்னால் வந்தவர்தான். ஹாண்டில்பார் திருப்புவது முன் சக்கரத்தை அல்லவா? அது தட்டிவிடப்பட்டால் சைக்கிள் கவிழ்ந்து விடும். முன்னால் போனவர் லேசாக ஆடிவிட்டு நின்று விடுவார்.

பிறகு கூட்டம் கூடும். கீழே கிடப்பவருக்குச் சோடா வாங்கிக் கொடுப்பார்கள். நின்று கொண்டிருப்பவரைப் பார்த்து, "ஏனுங்க, இப்படியா திடீர்னு பிரேக் போடுறது?" என்று கேட்பார்கள். தமக்குப் பின்னால் ஒருவர் வந்ததே அந்தப் பாவப்பட்ட மனிதருக்குத் தெரிந்திருக்காது!

சொல்லாமல் பின்னால் வருகிறவர் செய்யும் காரியம் இதுதான். தம்முடைய உயிரை, அவரைக் கேட்காமலே அவர் கையில் ஒப்படைத்து விடுகிறார்.

இதைவிடச் சிறிய ஆபத்தும் ஒன்று உண்டு. முன்னால் போகிறவர் வெற்றிலை போடுகிறவராக இருந்தால்? பின்னால் ஆள் இருப்பது தெரியாமல் அவர் பக்கவாட்டில் தலையைத் திருப்பினால்? எதிர்க் காற்று அதை எங்கே கொண்டு போய்ச் சேர்க்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை. வெள்ளைச் சட்டைக்காரர்கள் இதற்காகவாவது வாயைத் திறக்க வேண்டும்!

வீண் போட்டி

வேறொரு வேடிக்கையும் நடக்கிறது. பின்னால் யாரோ வருவதைப் பார்த்ததும் சிலருக்கு ரோஷம் வந்து விடுகிறது. "என்னை முந்தப் பார்க்கிறானா?" என்று முழு மூச்சாக மிதிக்கிறார்கள். பின்னால் வருகிறவரோ, "இவர் நம்மை விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறாரே!" என்று விடாமல் துரத்துகிறார். இரண்டு மைல் தூரத்தில் இருவரும் நாக்குத் தள்ளி ஒரே டீக்கடையில் இறங்குகிறார்கள். அங்கே பேச்சுக் கொடுத்த பிறகுதான், இருவரும் ஒரே ஊர்க் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் என்று தெரிகிறது!

பளபளக்கும் கியர் சைக்கிளும் ஹெல்மெட்டுமாக, காலையில் உடற்பயிற்சிக்காகக் கிளம்புகிறவர்களிடமும் இந்த ரோஷம் இல்லாமல் இல்லை. பழைய இரும்புச் சைக்கிளில் ஒரு பால்காரர் தங்கள் பின்னால் ஒட்டிக் கொண்டு வந்தால் அவர்களுக்கு அவமானமாக இருக்கிறது. பால்காரர் இரண்டு கேன்களைக் கட்டிக் கொண்டு வருகிறார் என்பதை அவர்கள் கணக்கில் சேர்த்துக் கொள்ளலாம்.

எப்படிக் கேட்பது?

மணி அடித்தால் போதாது. மணி அடித்தால் வழி கேட்கிறார் என்று நினைத்து முன்னவர் ஒதுங்கி விடுவார்.

பின்னாலிருந்து கத்தினாலும் பயன் இல்லை. எதிர்க் காற்றில் பின்னவருடைய குரல் முன்னவருக்கு எட்டாது. காற்று அதை வாரிக் கொண்டு போய்விடும்.

ஆகவே ரோட்டில் வண்டி வராத சமயம் பார்த்து, வலது பக்கமாக அவருக்கு இணையாக வர வேண்டும். முகத்தைக் காட்ட வேண்டும்.

"அண்ணா, காத்துப் பலமா இருக்குதுங்க. அந்தப் பாலம் வரைக்கும் உங்க பின்னாலயே வர்றனுங்க."

"வா கண்ணு, வா. பார்த்து வா."

முடிந்தது! அப்படி இணையாக வரும் அரை நிமிஷம் முழுக் காற்றும் கேட்கிறவர் முகத்தில் அடிக்கும். அது அவர் கொடுக்கும் கூலி.

எது வரைக்கும் என்று சொல்லி விடுவது முக்கியம். முடிவு தெரிந்த துணை பாரமாக இருப்பதில்லை.

முன்னவருக்கு இஷ்டம் இல்லாவிட்டால்? அதற்கும் அவருக்கு உரிமை உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. "நீங்க முன்னால போங்க தம்பி" என்று சொல்லி மெதுவாகப் போகலாம். அதைக் கேட்டு முகத்தைச் சுளிப்பவர் திண்ணையைத் தம் சொந்த வீடு என்று நினைத்தவர்!

காதில் பாட்டுக் கருவியை மாட்டிக் கொண்டு போகிறவர்களின் பின்னால் போகவே கூடாது. அவர்களுக்கு எந்தக் குரலும் கேட்காது. காரியரில் தேங்காய்க் குலை, விறகு, வைக்கோல் என்று அகலமாகக் கட்டிக் கொண்டு போகிறவர் பின்னால் காற்று நன்றாக அடங்கும். ஆனால் கட்டு அவிழ்ந்தால் தேங்காய் யார் சக்கரத்தில் விழும்? இருட்டிய பிறகு இந்த வேலையே வேண்டாம்.

ஒப்புக் கொண்ட பிறகு

வா என்று சொல்லி விட்டவருக்கும் கடமை இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் தமக்காக மட்டும் ஓட்டவில்லை. பள்ளம் வந்தால் கையைக் கீழே நீட்டிக் காட்ட வேண்டும். வேகத்தடை வந்தால் முன்கூட்டியே மெதுவாகப் போக வேண்டும். சட்டென்று வளைக்கக் கூடாது. வெற்றிலையைப் பற்றி மறுபடியும் சொல்ல வேண்டுமா?

பின்னால் வருகிறவர் ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விட வேண்டும். நாயும் ஆடும் குறுக்கே வரக் கூடிய இடத்தில் இன்னும் அதிகம் விட வேண்டும். காற்றின் மறைவு கொஞ்சம் குறையத்தான் செய்யும். குறைந்தாலும் லாபம் உண்டு. பந்தயக்காரர்கள் ஒரு சாண் இடைவெளியில் போவதைப் படத்தில் பார்த்து இங்கே செய்து பார்க்கக் கூடாது. அவர்கள் வருஷக் கணக்கில் ஒன்றாகப் பழகியவர்கள். பின்னவரின் கண்ணும் முன்னவரின் சக்கரத்திலேயே குத்திட்டு நிற்கக் கூடாது. அவர் தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்க்க வேண்டும்.

காற்று பக்கவாட்டில் அடித்தால் இன்னும் ஒரு சிக்கல். மேல்காற்று வீசும் நாளில் உடுமலைப்பேட்டையிலிருந்து வடக்கே பல்லடத்துக்குப் போகிறவருக்குக் காற்று இடது பக்கத்திலிருந்து வரும். அப்போது மறைவான இடம் முன்னவருக்கு நேர் பின்னால் இருக்காது. வலது பக்கமாக, நடு ரோட்டை நோக்கி இருக்கும்! அந்த மறைவைத் தேடிப் போகிறவர் பஸ்ஸுக்கு முன்னால் போய் நிற்பார். பக்கக் காற்று நாளில் அவரவர் காற்றை அவரவர் தாங்கிக் கொள்வதே நல்லது.

பின்னால் வருகிறவர் முன்னால் வந்து முறை மாற்றிக் கொள்ள வேண்டுமா? பலம் உள்ளவர் கேட்க வேண்டும். "அண்ணா, கொஞ்ச தூரம் நான் முன்னால போறனுங்க" என்று சொன்னால் எந்த அண்ணனுக்கும் சந்தோஷம்தான். வயதானவரும் களைத்தவரும் முறைக்கு வர வேண்டியதில்லை. ஆனால் ஒரு காரியம் மட்டும் ஆகாது. வழியெல்லாம் முதுகில் ஒதுங்கி வந்து விட்டு, ஊர் எல்லை வந்ததும் தெம்பாக மணியடித்து முந்திக் கொண்டு போவது! இப்படிச் செய்கிறவருக்கு மறுநாள் அந்த ரோட்டில் முதுகு கிடைக்காது.

பந்தயத்தில் என்ன வழக்கம்?

பிரான்ஸ் நாட்டில் 1903-ம் ஆண்டில் தொடங்கிய "டூர் டி பிரான்ஸ்" சைக்கிள் பந்தயம் உலகப் பிரசித்தி பெற்றது. அங்கே ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்குவது குற்றம் அல்ல. அதுதான் ஆட்டமே! கோஷ்டித் தலைவர் களைத்துப் போகாமல் இருக்க, அவருடைய கோஷ்டியைச் சேர்ந்தவர்கள் முன்னால் போய்க் காற்றைத் தாங்குகிறார்கள். இவர்களுக்கு அங்கே "டொமெஸ்டிக்" என்று பெயர். பிரெஞ்சு மொழியில் வேலைக்காரர் என்று அர்த்தம். சம்பளம் வாங்கிக் கொண்டு, தெரிந்தே காற்று வாங்குகிறார்கள்.

அதே பந்தயத்தில் ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு போட்டி போடும் நாட்களும் உண்டு. அன்று ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்குவது விதிக்கு விரோதம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த நீண்ட தூரப் பந்தயங்களிலும் ஒதுங்கி வந்தால் தண்டனை கிடைக்கும்.

ஒதுங்கலாமா கூடாதா என்பது அங்கெல்லாம் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். நம்பகமான ஏற்பாடு இருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் சேரும் ஊர் ரோட்டில் அந்த ஏற்பாடு இல்லை. அதனால்தான் வாய்ச் சொல் வேண்டியிருக்கிறது.

ரெயிலுக்குப் பின்னால் சைக்கிள்!

அமெரிக்காவில் சார்லஸ் மர்பி என்று ஒருவர் இருந்தார். 1899-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்ட் என்ற தீவில், ஓடும் ரெயிலுக்குப் பின்னால் சைக்கிள் விட்டார். தண்டவாளங்களுக்கு நடுவே பலகை பதித்திருந்தார்கள். கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் காற்றைத் தடுக்க மறைப்புக் கட்டியிருந்தார்கள். ஒரு மைல் தூரத்தை 57.8 விநாடியில் கடந்தார் மர்பி!

2018-ம் ஆண்டில் டெனிஸ் மியூலர் கோரெனெக் என்ற அமெரிக்கப் பெண்மணி அதையும் விழுங்கி விட்டார். பந்தயக் காருக்குப் பின்னால், உப்புப் படிந்த பரந்த வெளியில், மணிக்கு 183.9 மைல் வேகத்தில் சைக்கிளில் போனார்.

இவற்றைப் படித்து விட்டு, போகிற லாரியின் பின்னால் ஒட்டிக் கொள்ள எந்தப் பையனும் கிளம்பி விடக் கூடாது. மர்பிக்கு முன்னால் ரெயிலில் இருந்தவர்களுக்கு அவர் வருவது தெரியும். லாரி டிரைவருக்குப் பையன் இருப்பது தெரியாது. லாரியின் முதுகுக்குப் பின்னால் இருப்பவன் கண்ணாடியில் தெரிவதே இல்லை. சங்கிலியைப் பிடித்துக் கொண்டு தொற்றிப் போகிறவன் கதி இன்னும் மோசம். டிரைவர் பிரேக்கில் கால் வைத்தால் அவனுக்கு முன்னால் இருப்பது இரும்புச் சுவர். வீட்டில் பெரியவர்கள் இதை விளையாட்டு என்று விட்டு விடக் கூடாது.

தனியே போகும் பெண்

இதுவரை சொன்னதெல்லாம் ஆண்பிள்ளை பின்னால் ஆண்பிள்ளை போகும் சமாசாரம். முன்னால் போவது பெண்ணாக இருந்தால்?

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துக் கற்றுக் கொண்ட கிராமத்துப் பெண்கள், அதோடு சைக்கிளும் கற்றுக் கொண்டார்கள். வயலுக்கும் கடைக்கும் குவாரிக்கும் யார் தயவும் இல்லாமல் போனார்கள். ஆரம்பத்தில் அவர்களைக் கேலி செய்தவர்கள் உண்டு. அவர்கள் கேலியைப் பொருட்படுத்தவில்லை. பிறகு அரசாங்கமே பள்ளி மாணவிகளுக்கு இலவசமாகச் சைக்கிள் கொடுத்தது. தூரத்துப் பள்ளிக்கூடம் கிட்டத்தில் வந்தது.

அப்படி ஒரு பெண் புத்தகப் பையைக் காரியரில் வைத்துக் கொண்டு தனியாகப் போகிறாள். பின்னால் ஓர் ஆண் குரல் இல்லாமல் ஒட்டிக் கொண்டே வருகிறான். அவன் மனத்தில் கல்மிஷம் இல்லை; காற்றுக்குத்தான் ஒதுங்குகிறான். ஆனால் அவளுக்கு அது எப்படித் தெரியும்? அவள் வேகமாக மிதிப்பாள். அவனும் வேகமாக வருவான். அன்று மாலை அவள் வீட்டில் அதைச் சொல்லுவாள். மறுநாள் முதல், "நீ சைக்கிளில் போக வேண்டாம்" என்று அவள் அம்மா சொல்லி விட்டால்? அவன் மிச்சம் பிடித்த நாலு மிதியின் விலை, ஒரு பெண்ணின் படிப்பு!

இங்கே கேட்டு விட்டுப் போகலாம் என்ற விதியும் செல்லாது. ஆள் இல்லாத ரோட்டில் அறிமுகம் இல்லாத ஆண் பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுத்தால், அதுவே அவளுக்குப் பயம். "வேண்டாம்" என்று சொல்லவும் நாக்கு எழாது. ஆகவே கேட்பதும் வேண்டாம், ஒதுங்குவதும் வேண்டாம்.

"எல்லா ஆண்களும் கெட்டவர்களா?" என்று சிலர் கேட்பார்கள். அல்லவே அல்ல. நல்லவர் என்பது நெற்றியில் எழுதியில்லை. முதுகுக்குக் கண்ணும் இல்லை.

அவளே கேட்டால் அது வேறு விஷயம். "தாத்தா, உங்க பின்னாலயே வரட்டுங்களா?" என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் கேட்டால், தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்து காற்றைத் தாங்கலாம். நாலைந்து பெண்கள் சேர்ந்து போனால் அவர்களுக்கு யாருடைய முதுகும் வேண்டாம். தங்களுக்குள் முறை மாற்றிக் கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் போகலாம்.

அந்தப் பெண்ணைத் தாண்டிப் போகத் தெம்பு உள்ளவர், மணி அடித்து விட்டு நன்றாக விலகி முந்திப் போய்விட வேண்டும். எதிர்க் காற்றில் அதற்குத் தெம்பு இல்லாவிட்டால் பிரமாதம் இல்லை. ரோட்டோரத்துப் புளிய மரத்தில் சைக்கிளைச் சாய்த்து விட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக் கொண்டு, ஐந்து நிமிஷம் நிற்கலாம். அதற்குள் அவள் ஒரு கிலோமீட்டர் போயிருப்பாள்.